கொச்சியிலிருந்து மிஸ்ருக்குப் போன கேள்வி

 

கடைக்குச் சரக்கெடுக்கப் பாலம் கடந்து சிங்கப்பூர் செல்லும் நாட்களில் வாட்டர்லூ தெரு வழியாக நடப்பது நம் வழக்கம். அத்தெருவில் யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்று நிற்கிறது. பக்தாதுப் பக்கமிருந்து வந்து குடியேறிய யூத வணிகர்களின் சபை 1878-ல் திறந்தது அது. மகைன் அபோத் என்று பெயர். ஒரு நாள் உடன் வந்த நம் மூத்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "அத்தா, இவர்களுக்கும் நம்மைப்போல் ஆலிம்கள் உண்டா? கிதாபுகள் உண்டா?" என்று கேட்டான். "உண்டு" என்றோம். "யார் அவர்கள்?" என்றான். அதற்கு நம்மிடம் விடையில்லை. மத்ரஸாவில் ஓதியதும் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும் தவிர வேறு படிப்பு நமக்கில்லை என்பது இவ்வூரார் அறிந்ததே.

கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. கடையடைத்த பின் இரவு நேரங்களில், தமிழில் கிடைத்ததை நாமே படித்தும், ஆங்கிலத்தில் உள்ளதை மகனைப் படித்துச் சொல்லச் செய்தும், சில மாதங்களில் ஓரளவு தெரிந்துகொண்டோம். அதை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டதால் இக்கட்டுரை. யூதர் என்றதும் இக்கால அரசியல் பலருக்கு நினைவு வரும். அது வேறு பேச்சு. ஈண்டு நாம் சொல்ல வந்தது பழைய கல்வியைப் பற்றியும், மலையாளக் கரையில் எழுந்த ஒரு மார்க்க வழக்கைப் பற்றியுமே.

ஸ்பெயின் தேசத்தை முஸ்லிம்கள் அந்தலுஸ் என்றனர். யூதர் தம் ஹீப்ரு மொழியில் அதனை ஸெபாரத் என்றனர். ஆதலால் அந்நாட்டு யூதர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் ஸெபார்திகள் என்று பெயர். மார்க்கம் கற்றுத் தீர்ப்புச் சொல்லும் அவர்களுடைய ஆலிமை ரப்பி என்பர். தவ்ராத் வேதத்தை நாம் அறிவோம். அதன் சட்டங்களை வைத்துப் பல தலைமுறை அறிஞர்கள் வாதித்த வாதங்கள் எல்லாம் சேர்ந்த பெருங்கடல் ஒன்று அவர்களிடம் உண்டு. அதன் பெயர் தல்மூத். அதற்குள் இறங்கியவன் கரை காண்பது எளிதன்று. ஒரு சட்டத்தைத் தேடிப் போனால் பத்து வாதங்கள் எதிரே வரும். முடிவு எது என்று தெரியாமல் திரும்ப வேண்டியதுதான். இஸ்ஹாக் அல்ஃபாஸி (1013 – 1103) என்ற ரப்பி அந்தக் கடலிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய சட்டங்களை மட்டும் வடித்தெடுத்து ஒரு நூலாக்கினார். மொராக்கோவின் ஃபாஸ் நகரில் நெடுங்காலம் ஓதிக் கொடுத்தவர். 1088-ல், எழுபத்தைந்து வயதில், ஊரை விட்டு அந்தலுஸ் வர நேர்ந்தது. அங்கே லுஸேனா என்ற ஊரில் மீண்டும் மாணவர்களைச் சேர்த்து உட்கார்ந்துவிட்டார். நம்மில் அறுபது ஆனால் கல்லாவையே மகனிடம் கொடுத்துவிடுகிறோம்!

இந்த ரப்பிமார்கள் எந்த மொழியில் எழுதினார்கள் என்பதுதான் நம்மை மிகவும் கவர்ந்தது. வணக்கத்திற்கும் கவிக்கும் ஹீப்ரு. ஆனால் விளக்க நூல்கள், தத்துவம், மருத்துவம், கடிதம், கணக்கு இவையெல்லாம் அரபு மொழியில். அதிலும் ஒரு விசேஷம்: மொழி அரபு, எழுத்து பெரும்பாலும் ஹீப்ரு எழுத்து. சிறு பிள்ளையில் ஓதப் பழகிய எழுத்திலேயே பேசும் மொழியையும் எழுதிக்கொண்டார்கள். நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத் தமிழ் என்று பெயரிட்டு, நம் பாட்டிமார் ஓதிவந்த கிதாபுகள் எத்தனை! காயல், கீழக்கரைப் பக்கம் பழைய வீடுகளின் பெட்டிகளில் அவை இன்னும் கிடக்கின்றன. தமிழ் எழுத்து அறியாத பெண்கள்கூட அவ்வெழுத்தில் தமிழ் படித்தார்கள். அதே ஏற்பாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவிலும் கிரானடாவிலும் யூதர் செய்துகொண்டிருந்தார்கள் என்று அறிந்தபோது, தூரத்து உறவினரைச் சந்தையில் கண்டது போலிருந்தது நமக்கு.

ஸரகுஸ்தா நகரில் பஹ்யா இப்னு பக்கூதா என்ற ரப்பி இருந்தார். சுமார் 1080-ல் அரபியில் ஒரு நூல் எழுதினார். உள்ளத்தின் கடமைகளுக்கு வழிகாட்டி என்பது அதன் பெயரின் பொருள். பத்து வாசல்களாக அதை வகுத்திருக்கிறார். தவக்குல் ஒரு வாசல், இக்லாஸ் ஒன்று, தவ்பா ஒன்று, தன்னைத் தானே கணக்குக் கேட்டல் ஒன்று, பற்றறுத்தல் ஒன்று, இறைவன்மீது அன்பு கடைசி வாசல். ஸூஃபிகளின் கிதாபுகளைப் புரட்டிய எவரும் இச்சொற்களைக் கண்டதும் நின்றுவிடுவார். அந்நூலைப் பிற்பாடு ஹீப்ருவில் பெயர்த்தனர். இன்றும் யூதர் வீடுகளில் ஓதப்படுகிறது.

கடைக்காரர்களான நாம் மறக்கக்கூடாத பெயர் ஒன்றுண்டு. ஸாமுவேல் இப்னு நக்ரேலா (993 – 1056). 1013-ல் குர்துபாவில் கலகம் மூண்டு ஊர் சூறையாடப்பட்டபோது தப்பி மாலகா சேர்ந்தார். அங்கே சிறு கடை போட்டுப் பிழைத்தார். ஆப்ரஹாம் இப்னு தாவூத் என்ற யூத வரலாற்றாசிரியர் 1161-ல் எழுதியதாவது: அரசனுடைய காரியதரிசியின் மாளிகை கடைக்கு அருகே இருந்தது. மாளிகைப் பணிப்பெண் ஒருத்தி தன் எஜமானுக்குக் கடிதம் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் வந்து கேட்பாள். அக்கடிதங்களின் அரபு நடையைக் கண்டு வியந்த எஜமான், எழுதியவன் யார் என்று விசாரித்து, கடையிலிருந்தவரை அழைத்துக்கொண்டார். பின்னர் அவர் கிரானடா சுல்தானுக்கு வஸீராகவும் யூதர்களுக்குத் தலைவராகவும் உயர்ந்தார். வஸீரான பிறகு தம் செலவில் எழுத்தர்களை அமர்த்தி, தல்மூதைப் படியெடுக்கச் செய்து, விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்களுக்கு வழங்கினார். ஜெரூஸலத்துத் தொழுகைக் கூடங்களின் விளக்குகளுக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்பினார். அவர் மகன் யூஸுஃபும் வஸீரானான். 1066-ல் கிரானடாவில் எழுந்த கலகக் கூட்டம் அவனையும் அவ்வூர் யூதர் பலரையும் கொன்றது. நம்மவர் கை செய்தது என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையன்று.

இனி, இவர்கள் எல்லோரினும் பெரியவர். மூஸா இப்னு மைமூன். ஆங்கிலத்தில் மைமோனிடீஸ் என்பர். 1138-ல் குர்துபாவில் பிறந்தார். அவர் சிறுவராயிருந்தபோது, 1148-ல், முவஹ்ஹிதுகள் அந்நகரைப் பிடித்து, பிற மதத்தார் தங்கள் மார்க்கத்தில் இருப்பதற்கு இடமில்லாமல் செய்தனர். குடும்பம் ஊர் ஊராய் அலைந்தது. ஃபாஸ் நகரில் சில காலம், பின்னர் 1165-ல் கப்பலேறி அக்கா துறைமுகம், அங்கிருந்து மிஸ்ர். காஹிராவை ஒட்டிய ஃபுஸ்தாத்தில் குடியமர்ந்தனர். அலைச்சலின் நடுவிலேயே மூஸா எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் எழுத முடிந்ததற்குக் காரணம் அவர் தம்பி தாவூத். இந்தத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறோம், அவர் நம் இனத்தார், அதாவது வணிகர். இரத்தின வியாபாரம். அண்ணன் ஓதினார், எழுதினார். தம்பி பயணம் போய்ப் பொருள் கொண்டு வந்து குடும்பத்தை நடத்தினார். சுமார் 1170-ல் செங்கடற் கரையிலுள்ள அய்தாப் துறைமுகத்திலிருந்து தாவூத் அண்ணனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நைல் நதிக் கரையை விட்டுப் பாலைவனம் கடந்தபோது, கூட்டத்தோடு சேராமல் ஒரே ஒரு துணையோடு தனியே வந்துவிட்டாராம். தவறு செய்துவிட்டோமே என்று பயந்தவர்க்கு, பின்னால் வந்த கூட்டம் கொள்ளையடிக்கப்பட்டதும் சிலர் தாகத்தால் இறந்ததும் தெரிய வந்தது. அய்தாபில் வாங்கத்தக்க சரக்கு அவுரி நீலம் தவிர வேறொன்றும் இல்லை. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று எண்ணி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் துணிந்துவிட்டதாக எழுதுகிறார். வீட்டிலுள்ள பெண்களுக்கு ஆறுதல் சொல்லும்படி அண்ணனைக் கேட்டுக்கொள்கிறார். முதல் போட்டவனுக்கு அந்த மனம் விளங்கும்.

தாவூத் இந்துமாக் கடலில் மூழ்கி இறந்தார். அவருடைய பணம், அண்ணனுடைய பணம், பிறர் நம்பிக் கொடுத்த பணம், எல்லாம் அவரோடு போயிற்று. விதவையும் ஒரு சிறு பெண் குழந்தையும் அண்ணன் பொறுப்பில் நின்றனர். மூஸா ஓராண்டு காலம் காய்ச்சலும் கலக்கமுமாய்ப் படுக்கையில் கிடந்தார். எட்டாண்டு கழித்தும் தம்பியின் கையெழுத்தைக் கண்டால் நெஞ்சு புரளுகிறது என்று ஒரு நண்பருக்கு எழுதினார். மார்க்க அறிவை விற்றுப் பிழைக்கலாகாது என்பது அவர் கொள்கை. தம் சட்டநூலில் அதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறார். ஆகவே மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். ஸலாஹுத்தீன் அவர்களின் வஸீரான காழி அல்ஃபாழில் அவரை ஆதரித்தார். நாள்தோறும் ஃபுஸ்தாத்திலிருந்து காஹிரா சென்று அரண்மனையில் வைத்தியம் பார்த்துத் திரும்பும்போது, பசியோடு வரும் அவரை வீட்டுத் திண்ணை நிறைய நோயாளிகள் எதிர்கொள்வார்களாம்.

இத்தனைக்கும் நடுவில் அவர் செய்த வேலையோ மலைக்கத்தக்கது. யூதச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளாக, தெளிந்த ஹீப்ருவில், மிஷ்னே தோரா என்னும் ஒரே நூலாக சுமார் 1178-ல் முடித்தார். வாதமில்லை, தீர்ப்பு மட்டுமே. பின்னர் அரபியில் தலாலதுல் ஹாயிரீன், அதாவது திகைத்தோர்க்கு வழிகாட்டி, என்ற தத்துவ நூல். 1204-ல் காலமானார். யமன் நாட்டு யூதர் தம் ஊர்களில் பணம் திரட்டி, ஆளனுப்பி, அவருடைய சட்டநூலைப் படியெடுத்துக்கொண்டு போனார்கள். இதை மகிழ்ச்சியோடு குறிப்பிடும் அவர் கடிதத்திலேயே இந்தியாவின் பேச்சும் வருகிறது. இந்தியாவில் உள்ள யூதர்க்கு ஸப்த் ஓய்வு நாளும் கத்னாவும் தவிர மார்க்கம் ஒன்றும் தெரியாது என்கிறார். கேள்விப்பட்டதை எழுதினார் போலும். ஏறக்குறைய அதே காலத்தில் துதேலா ஊர்ப் பெஞ்சமின் என்ற ஸ்பெயின் நாட்டு யூதப் பயணி, கொல்லத்து யூதர் கறுப்பு நிறத்தார் என்றும், மூஸாவின் வேதத்தையும் நபிமார்களின் ஆகமங்களையும் அறிந்தவர் என்றும், தல்மூதும் கொஞ்சம் தெரிந்தவர் என்றும் எழுதி வைத்தார். பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது.

இவ்விடத்தில் நாம் மலையாளக் கரைக்கு வந்துவிட்டோம். அங்கே யூதர் இருப்பது நேற்று முந்தாநாள் செய்தியன்று. கி.பி. 849-ல் கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிகள் பலர் கையெழுத்திட்டுள்ளனர்: முஸ்லிம் வணிகர் கூஃபி எழுத்தில், பாரசீகர் பஹ்லவி எழுத்தில், யூதர் ஹீப்ரு எழுத்தில். ஒரே ஏட்டில், அடுத்தடுத்து! சுமார் கி.பி. 1000-ல் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னர் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு, நம் தமிழ் நாட்டிலும் வழங்கிய வட்டெழுத்தில் உள்ளது. கொச்சங்காடியில் இருந்த தொழுகைக் கூடத்தின் கல் 1344-ம் ஆண்டைக் காட்டுகிறது. எல்லாம் மிளகு இழுத்த இழுப்பு. ஜோகூரும் ஒரு காலத்தில் மிளகுக்கும் கம்பீருக்கும் பேர் போன நாடு. ஆகவே மிளகு ஒரு கரைக்கு யார் யாரைக் கொண்டு சேர்க்கும் என்பது இங்குள்ளவர்க்குப் புதிதன்று.

வணிகர் வந்தால் குடும்பமும் உண்டாகும். ஆப்ரஹாம் பென் யிஜு என்ற யூத வணிகர், துனீஸியாவின் மஹ்தியாவிலிருந்து வந்தவர், 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பக்கம் தங்கிப் பித்தளைப் பட்டறை நடத்தினார். 1132-ம் ஆண்டு அக்டோபரில் ஆஷு என்ற இந்திய அடிமைப் பெண்ணை விலை கொடுத்து வாங்கி, முறைப்படி பத்திரம் எழுதி விடுதலை செய்தார். அவளையே மணந்தார் என்பது ஆராய்ந்தோர் துணிபு. அவர் கையாலெழுதிய தாள்கள் ஃபுஸ்தாத் தொழுகைக் கூடத்தின் கிடங்கறையில் கிடந்தன. இறைவன் பெயர் இருக்கலாம் என்பதால் எழுதிய தாளை எறியாமல் போட்டு வைக்கும் அறை அது. நாமும் அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் போட மாட்டோமல்லவா? அங்கிருந்து 1896–97-ல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு போனவை மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் துண்டுகள். தாவூதின் கடிதம் கிடைத்ததும் அந்தக் குவியலில்தான்.

ஆஷுவைப் போல் விடுவிக்கப்பட்டவர்களும், அவர்கள் பிள்ளைகளும், தாமாக யூத மார்க்கத்தில் சேர்ந்தவர்களும் மலையாளக் கரையில் நாளடைவில் பெருகினர். அங்கேதான் வழக்குப் பிறந்தது.

வழக்கைச் சொல்லுமுன் ரப்பிமார்களின் முக்கியமான வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்களிலிருந்து கேள்விகள் எழுதி வரும். ரப்பி பதில் எழுதி அனுப்புவார். நம் ஃபத்வா போன்றதே. கேள்வியைக் கொண்டு போனவர்களும் பதிலைக் கொண்டு வந்தவர்களும் பெரும்பாலும் வணிகர்கள். மிளகு மூட்டையோடு மார்க்கக் கேள்வியும் கப்பலேறும். பார்ஸிலோனாவிலிருந்த ஸாலமோன் பென் அத்ரேத் (1235 – 1310) என்ற ரப்பிக்குப் பல நாடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கடன், கூட்டு வியாபாரம், வட்டி, வாரிசுரிமை, மணவிலக்கு என்று அதில் இல்லாத விஷயமில்லை. அக்காலத்து வியாபாரம் எப்படி நடந்தது என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அப்பதில்களைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

1492 வந்தது. ஜனவரி 2-ல் கிரானடா கிறிஸ்தவ அரசர் வசமாயிற்று. அதே ஆண்டு, ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் ஸ்பெயினை விட்டு வெளியேற வேண்டுமென்று ஆணை பிறந்தது. வெளியேறியவர்களில் சுமார் 13 வயதுச் சிறுவன் ஒருவன், பெயர் டேவிட் இப்னு ஜிம்ரா. ஸஃபத் நகரம் சேர்ந்து ஓதி, பின்னர் மிஸ்ர் வந்து, 1517-ல் உதுமானியர் அந்நாட்டைப் பிடித்த காலத்தில் யூதர்களின் தலைமை ரப்பியாக விளங்கினார். பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அவரை ரத்பாஸ் என்பர். செல்வம் படைத்தவர், நீண்ட ஆயுள் உடையவர், 1573-ல்தான் காலமானார். ஹபஷா நாட்டுக் கறுப்பு யூதர் யூதரா, அல்லரா என்று கேட்டபோது, யூதரே என்று தீர்த்தவர் இவர்.

சுமார் 1520-ல் இவரிடம் கொச்சியிலிருந்து கேள்வி வந்தது. அதன் சாரத்தை நம் சொல்லில் தருகிறோம். கொச்சியில் சுமார் 900 யூதக் குடும்பங்கள் உள்ளன. அவற்றில் 100 குடும்பத்தார் தாங்கள் மட்டுமே பூர்வீக யூதர், வம்சத்தவர் என்கின்றனர். மற்ற 800 குடும்பத்தார் மார்க்கப் பற்றுள்ளவர்; தருமம் செய்பவர்; செல்வர்; அரசாங்கத்தாரிடம் செல்வாக்குள்ளவர்; துறைமுக வியாபாரத்திற்கு ஆணிவேர் போன்றவர். ஆயினும் அந்த நூறு குடும்பத்தார் இவர்களை அடிமைகள் என்று கூறி, பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. இதனால் ஓயாத சண்டை. வெளிநாட்டு யூத வணிகர் அடிமைப் பெண்களை வாங்கிப் பிள்ளை பெற்று விடுதலை செய்த வழியில் வந்தோர் இவர்களில் சிலர். மார்க்கத்தில் சேர்ந்தோர் சிலர். இவர்கள் இப்போதும் அடிமைகள் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பொறாமையால் வந்த பேச்சு. இவர்களோடு மணவுறவு கொள்ளலாமா, கூடாதா?

கேள்வியைப் படித்துக் கேட்டபோது நாம் சற்று நேரம் பேசாமலிருந்தோம். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு, அகதியாய் வளர்ந்து, பிறர் தயவில் ஊர் கண்ட ஒரு மனிதரின் மேஜைக்கு இக்கேள்வி போயிருக்கிறது!

ரத்பாஸ் பதில் எழுதினார். வதந்தியை வைத்து 800 குடும்பத்தாரைத் தள்ளிவைக்க அவர் ஒப்பவில்லை. ஐயத்தையும் அப்படியே விட்டுவிடவில்லை. வழி சொன்னார்: மூவர் அடங்கிய மார்க்கச் சபை முன்னிலையில், விடுதலை பெற்றோர்க்குரிய முறைப்படி நீரில் மூழ்கிக் குளிக்கட்டும், அத்தோடு ஐயம் தீர்ந்தது. அதன்பின் அவர்கள் சபையில் சேர்ந்தவர்களே, தாராளமாக மணமுடிக்கலாம். பின்னொரு காலத்தில் அதே கேள்வி இஸ்கந்தரிய்யாவிலிருந்த யாக்கோப் காஸ்த்ரோ என்ற ரப்பிக்குப் போயிற்று. அவரும் அதையே சொன்னார்.

இந்தப் பதிலில் உள்ள நுட்பம் எளிதில் கண்ணில் படாது. "நீங்கள் அடிமைகளல்லர்" என்று மட்டும் எழுதியிருந்தால், கொச்சியிலுள்ள நூறு குடும்பத்தார் "அவருக்கு இவ்வூர் நிலைமை தெரியாது" என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். ஒரு குளிப்பு, மூன்று சாட்சிகள், அத்தோடு முடிந்தது என்றதால் மறுப்பவர்க்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. பழைய பாக்கியைப் பற்றி ஓயாமல் சண்டையிடும் இரு கூட்டாளிகளுக்கு நல்ல மத்தியஸ்தர் ஒருவர், "இந்தத் தொகையைக் கட்டிப் பேரேட்டை மூடிவிட்டுப் புதுக் கணக்கு எழுதுங்கள்" என்பதைப் போன்றது.

ஆனால் கொச்சியில் பேரேடு மூடப்படவில்லை.

இவ்விடத்தில் நம் சொந்தக் கதை ஒன்றை எழுதுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். நமக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். நம் ஊரில் பாட்டனார் காலத்தில் மார்க்கத்தில் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. கந்தூரி விருந்தில் அவர்களுக்குத் தனி ஸஹன். அக்குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு ஊர்ப் பெண் ஒன்றைப் பேசியபோது சச்சரவு எழுந்தது. வெளியூர் மத்ரஸா ஒன்றுக்கு ஃபத்வா கேட்டு எழுதினார்கள். நம் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று கேள்வியைப் படியெடுக்கும் வேலையை நம்மிடம் கொடுத்தனர். பதில் வந்தது, இரண்டு பக்கம். தடையேதுமில்லை, வேற்றுமை பாராட்டுவோர் குற்றவாளிகள் என்று தெளிவாக எழுதியிருந்தது. பெரியவர் ஒருவர் அதை மெதுவாக வாசித்து முடித்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். பதிலில் என்ன இருந்தது என்று அறிந்தவர் அவ்வறையில் ஐந்து பேர், நாமும் ஒருவர். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றை அந்த வாரம்தான் மத்ரஸாவில் ஓதியிருந்தோம். பையன் மலேசியா வந்து ஒட்டுக்கடையில் வேலை செய்து, இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறார். நம்மைக் கண்டால் முகம் மலர்ந்து ஸலாம் சொல்கிறார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. இந்த இதழ் அவர் கடைக்கும் போகும்.

கொச்சிக்குத் திரும்புவோம். 1524-ல் கொடுங்கல்லூர் யூதர்மீது முஸ்லிம்கள் நடத்திய தாக்குதலை, நம் ஆலிம் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் துஹ்ஃபதுல் முஜாஹிதீன் என்ற நூலில் குறித்திருக்கிறார்கள். அங்கிருந்து பலர் கொச்சி வந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே யூதர்க்கு இடம் கொடுத்தார். ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளிலிருந்து வந்த ஸெபார்திகளும், வேறு நாடுகளிலிருந்து வந்தோரும் சேர்ந்து, 1568-ல் மட்டாஞ்சேரியில் ஒரு தொழுகைக் கூடம் கட்டினர். அதுதான் இன்றும் நிற்கும் பரதேசிக் கூடம். பரதேசி என்றால் வெளிநாட்டார் என்றே பொருள். பழைய யூதர்க்கு மலபாரிகள் என்று பெயர் வழங்கிற்று. 1686-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரைரா தெ பைவா என்ற ஸெபார்தி வணிகரும் உடன் சிலரும் கொச்சி வந்து பார்த்துப் போயினர். மறு ஆண்டில் அச்சிட்ட அவருடைய குறிப்பில், பரதேசிகள் மலபாரிகளோடு மணவுறவு கொள்வதில்லை என்று இருக்கிறது. ரத்பாஸ் தீர்ப்பெழுதி அப்போது 160 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ரத்பாஸைப் போலவே துரத்தப்பட்டவர்களின் சந்ததியாரும் அந்தப் பரதேசிகளில் இருந்தனர். அவருடைய நூலை மதித்து ஓதும் வழியினர். தீர்ப்பை மட்டும் ஏற்கவில்லை.

பரதேசிகளின் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற குடும்பங்கள் அக்கூடத்தைச் சேர்ந்தே இருந்தன. அவர்களை மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று அழைத்தனர். கூடத்தின் உள்ளே இருக்கை கிடையாது. முன்கட்டில் தரையில் உட்கார வேண்டும். வேதத்தை எடுத்து ஓதும் முறை கிடையாது. இறந்தால் பரதேசிகளின் கபர்ஸ்தானில் இடமில்லை. இக்குடும்பங்களில் ஒன்றில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. ஸாலம். சென்னையில் சட்டம் படித்து வக்கீலானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். 1929-ல் லாகூர் காங்கிரஸுக்குச் சென்று வந்தார். காந்தியடிகளின் வழியைத் தம் தொழுகைக் கூடத்திலேயே கையாண்டார். ஒதுக்குவதைக் கண்டித்துத் தம் பிள்ளைகளோடு சத்தியாக்கிரகம் செய்தார். பொறுமையாகத்தான் செய்தார், ஆண்டுகள் பல ஆயின. ஒவ்வொரு தடையாகத் தளர்ந்து, 1940-களுக்குள் மெஷுஹ்ராரிம் உள்ளே உட்காரவும் வேதம் ஓதவும் வழி பிறந்தது. யூதக் காந்தி என்று ஊரார் அவரை அழைத்தனர்.

மண விஷயம்தான் கடைசிவரை நின்றது. ரத்பாஸுக்குப் போன கேள்வியும் அதுதானே. 1950-ல் ஸாலம் அவர்களின் மகனுக்கும் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் மணம் நடந்தது. கொச்சியில் நடத்த முடியவில்லை. பம்பாய் சென்று முடித்துக்கொண்டு திரும்பினர். தம்பதிகள் கூடத்துக்குள் வந்தபோது பெண்களில் பலர் எழுந்து அப்பால் சென்றார்கள் என்று சொல்கின்றனர்.

ஸாலம் 1967-ல் காலமானார். அதற்குள் மலபாரிகளும் மெஷுஹ்ராரிம் பலரும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பின்னர் பரதேசிகளும் ஒவ்வொருவராகப் போயினர். இன்று மட்டாஞ்சேரிக் கூடத்தைப் பார்க்கப் பல நாட்டார் வருகிறார்கள். ஆனால் சபையாகத் தொழுவதற்கு அவர்கள் சட்டப்படி பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் இல்லை.